கணக்குக் கேட்கும் பிரஜை

ஒரு சிற்றூரில் ஏதோ ஒரு தெருவுக்குச் சிமெண்டுச் சாலை போடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடு தயாரித்தவர் ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறார். பணத்தை ஒதுக்கியவர் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார். அந்தப் பணம் எந்தத் திட்டத்தின் கீழ் வரவேண்டும் என்று நிர்ணயித்தவர் சென்னையிலோ டில்லியிலோ இருக்கிறார். வேலையை எடுத்த காண்டிராக்டரோ வேற்றூர்க்காரர். இவர்கள் எல்லாருமே அந்தச் சாலையைக் காகிதத்தின் வாயிலாகத்தான் அறிவார்கள். அளவுப் புத்தகத்தில் ஆறங்குலக் கனம் என்று எழுதியிருந்தால் ஆறங்குலம். நூறு மீட்டர் என்று எழுதியிருந்தால் நூறு மீட்டர். ஆனால், ஜல்லி எத்தனை லோடு இறங்கிற்று, போட்ட சிமெண்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் விட்டார்கள், பாதித் தெருவோடு வேலை நின்று போனதன் காரணம் என்ன என்பவையெல்லாம், அதே தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்கும், குடத்தோடு அவ்வழியே தினமும் நடக்கும் பெண்ணுக்கும் மட்டுமே தெரியும். அவர்களை யாரும் கேட்பதில்லை. அவர்களும் யாரிடமும் சொல்வதில்லை.

ஜனநாயகத்தில் பிரஜைகள் பங்கெடுக்க வேண்டும் என்ற பேச்சு நம்மிடையே பெரும்பாலும் ஒரு நீதிபோதனையாகவே வழங்கி வருகிறது. வாக்களிப்பது கடமை, வரி செலுத்துவது கடமை, பொது விஷயங்களில் சிரத்தை கொள்வது கடமை என்று பள்ளிப் பாடத்திலிருந்து சுதந்திர தினப் பிரசங்கம் வரையில் கேட்டுக் கேட்டு நமக்குச் செவி மரத்துப்போய்விட்டது. நான் இந்த விஷயத்தை வேறொரு பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். சர்க்கார் எவ்வளவு பெரியதாயினும், அதன் உத்தியோகஸ்தர்கள் எவ்வளவு யோக்கியர்களாயினும், தான் செய்த காரியம் உண்மையில் நடந்ததா என்பதைத் தானாகவே அறிந்துகொள்ளும் சக்தி அதற்கு இல்லை. அந்த அறிவு குடிகளிடத்தில்தான் சிதறிக் கிடக்கிறது. குடிகள் வாய் திறக்காத நாட்டில், நல்லெண்ணம் படைத்த மந்திரியும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவராகவே இருப்பார்.

இந்த உண்மையை நடைமுறையில் நிரூபித்துக் காட்டியவர்கள், ஆச்சரியப்படத்தக்க விதத்தில், நகரத்து விவேகிகளாக இல்லை. மத்திய ராஜஸ்தானத்தில் ராஜசமந்து, பாலி, அஜ்மீர் ஜில்லாக்கள் அடங்கிய வறண்ட பிரதேசத்தில், பஞ்ச நிவாரண வேலைகளில் மண் சுமந்து பிழைத்த கூலியாட்களே அதைச் செய்தார்கள். சென்னையில் பிறந்த தமிழ்ப் பெண்மணியும், 1968-இல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து 1975-இல் அதைத் துறந்தவருமான அருணா ராய், நிகில் தே, அப்பகுதி மக்களின் பேச்சையும் பாட்டையும் நன்கறிந்த சங்கர் சிங் ஆகியோர், 1987-இல் தேவ்டூங்ரி என்னும் குக்கிராமத்தில் ஒரு மண் வீட்டில் குடியேறி, கூலியாட்கள் உண்பதையே தாமும் உண்டு வாழத் தொடங்கினார்கள். அங்கே கிளம்பிய பூசல்களின் வழியாக 1990 மே 1-ஆம் தேதியன்று உருவானதுதான் மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு.

பூசல் மிகச் சாதாரணமான ஒன்று. சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி ஒன்று இருந்தது. கைக்கு வந்த கூலியோ அதைவிடக் குறைவாக இருந்தது. ஏன் என்று கேட்டால், நீங்கள் சொன்ன அளவுக்கு மண் வெட்டவில்லை, அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது என்று பதில் வந்தது. அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றார்கள். அது சர்க்கார் ரகசியம், காட்ட இயலாது என்றார்கள். ஒரு குட்டை வெட்டிய கணக்கில் என்ன ராஜ்ய ரகசியம் இருக்க முடியும் என்று நமக்கு இன்று சிரிப்பு வரலாம்; ஆனால் வெள்ளைக்காரர் காலத்து அரசாங்க ரகசியச் சட்டமும், அதைவிட வலிமை வாய்ந்த அலுவலக வழக்கமும், அந்தக் குட்டையைச் சுற்றி உயர்ந்த மதிலை எழுப்பியிருந்தன. உண்ணாவிரதம் இருந்தும் மறியல் செய்தும் அலுத்துப்போன அந்த ஜனங்கள், கூலியைக் கேட்பதற்கு முன்னால் காகிதத்தைக் கேட்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே பெரும்பான்மையாக இருந்த ஒரு கூட்டம், எழுத்தைக் காட்டு என்று கேட்கத் துணிந்தது சமீப காலச் சரித்திரத்தில் ஓர் அபூர்வமான சம்பவம்.

1994 டிசம்பர் 2-ஆம் தேதி பாலி ஜில்லாவைச் சேர்ந்த கோட் கிராணா என்ற ஊரில் முதல் ‘ஜன் சுன்வாயி’ நடந்தது. ஜனங்களே விசாரிக்கும் சபை என்று அதைச் சொல்லலாம். பழைய துணிகளால் ஒரு பந்தல், ஓர் ஒலிபெருக்கி, வெளியூரிலிருந்து வந்து நடுநிலையாக உட்கார்ந்திருந்த சிலர், அரும்பாடுபட்டு நகலெடுத்து வைத்திருந்த மஸ்டர் ரோல் என்னும் கூலிப் பட்டியல்களும் ரசீதுகளும்: ஏற்பாடு இவ்வளவுதான். ஒருவர் எழுந்து, இன்ன மாதத்தில் இன்ன வேலைக்கு இன்னார் இத்தனை நாள் உழைத்து இவ்வளவு கூலி பெற்றதாக எழுதியிருக்கிறது என்று வாசிப்பார். கூட்டத்திலிருந்து, அந்த ஆள் அந்த மாதம் ஊரிலேயே இல்லையே என்று ஒரு குரல் எழும். கட்டி முடிந்ததாகப் பணம் பட்டுவாடா ஆகியிருந்த கட்டடத்துக்குக் கூரையே இல்லை என்பதை, கூட்டம் நடந்த இடத்திலிருந்தே கண்டுகொள்ள முடிந்தது. பின்னால் பல ஊர்களில் நடந்த இத்தகைய சபைகளில், இறந்து போனவர்கள் கூலி வாங்கிய கதையும், ஒரு செங்கல்கூட வைக்கப்படாத கட்டடங்களின் கதையும் வரிசையாக வெளிவந்தன. தணிக்கை அதிகாரிகள் வருஷந்தோறும் பார்த்து முத்திரையிட்ட அதே காகிதங்கள்தாம் இவை. கூட்டல் கழித்தலில் பிழை இல்லாத வரையில் தணிக்கைக்காரருக்கு எல்லாம் சரியாகத் தோன்றும். பட்டியலில் உள்ள பெயருக்குரியவன் சென்ற தீபாவளிக்கு முன்பே செத்துப்போனான் என்பது ஊர்க்காரனுக்கு மட்டுமே தெரிந்த விஷயமல்லவா?

சில இடங்களில் ஊராட்சித் தலைவர்களே சபையின் முன் வந்து, எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மற்ற இடங்களில் அலுவலர்கள் ஆவணங்களைக் காட்டவே மறுத்துவிட்டதால், போராட்டம் கிராமத்தை விட்டுத் தலைநகரத்தை நோக்கித் திரும்பிற்று. உள்ளூர் வேலைகளின் கணக்குகளை மக்கள் நகலெடுத்துக்கொள்ளலாம் என்று 1995 ஏப்ரலில் அன்றைய ராஜஸ்தான் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டசபையில் வாக்களித்தார். வாக்கு ஓராண்டு காலம் வாக்காகவே இருந்தது. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரத்தில் தொடங்கிய தர்ணா நாற்பது நாட்கள் நீடித்தது. கிராமத்துக் குடும்பங்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று தானியம் கொண்டுவந்து கொடுத்தார்கள்; கடைத்தெருவில் காய்கறி விற்றவர்களும் தங்கள் பங்கைத் தந்தார்கள்; பாட்டும் பொம்மலாட்டமுமாகப் பொழுது கழிந்தது. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்ற பொருளுடைய முழக்கம் அங்கேதான் நாடறிந்ததாயிற்று. ராஜஸ்தான் 2000-ஆம் ஆண்டில் தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றிற்று. 2005-இல் பாராளுமன்றம் தேசம் முழுமைக்குமாக ஒரு சட்டத்தை நிறைவேற்ற, அவ்வாண்டு அக்டோபர் 12 முதல் அது முழுமையாக அமலுக்கு வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனுப் போட்டால் முப்பது நாட்களுக்குள் சர்க்கார் பதில் சொல்லியாக வேண்டும் என்ற இன்றைய ஏற்பாடு அந்தக் கூலிக்காரர்களின் கொடை.

இவ்விடத்தில் தமிழர்களாகிய நாம் யோசிக்க வேண்டிய ஒரு விசித்திரம் உண்டு. இந்திய மாநிலங்களில் முதன்முதலாகத் தகவல் பெறும் உரிமைக்கென்று சட்டம் செய்தது ராஜஸ்தானம் அன்று; 1997-இலேயே தமிழ்நாடு அதைச் செய்துவிட்டது. ஆயினும் அந்தச் சட்டத்தை நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? விலக்குகள் மலிந்த சட்டம் அது என்பது உண்மையே. அதைவிடப் பெரிய குறை, அதைக் கேட்டு யாரும் நடக்கவில்லை, யாரும் தெருவில் உட்காரவில்லை, எந்த ஊரிலும் ஒரு பட்டியல் உரக்க வாசிக்கப்படவில்லை என்பதே. மேலிருந்து அருளப்பட்ட உரிமை அரசிதழின் பக்கங்களில் படுத்துறங்கிற்று. கீழிருந்து கேட்டுப் பெற்ற உரிமை லட்சக்கணக்கான மனுக்களாக இன்றும் அலுவலகங்களின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல சட்டம் ஒன்றைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இவ்விரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

கணக்குக் கேட்கும் வழக்கம் நமக்குப் புதிதா என்றால், அப்படியும் சொல்வதற்கில்லை. குடவோலை முறையைப் பற்றிப் பேசாத தமிழ் மேடை கிடையாது; உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் உள்ள முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்களை, அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவற்றை, மேற்கோள் காட்டி நாமே உலகுக்கு ஜனநாயகம் கற்பித்தவர்கள் என்று பெருமை கொள்வது வழக்கமாகிவிட்டது. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்த அந்தக் காட்சி எல்லாருக்கும் மனப்பாடம். எனக்கு அந்தச் சாசனத்தில் விசேஷமாகத் தோன்றுவது குடமும் அன்று, ஓலையும் அன்று. யார் யாருடைய பெயர்களை ஓலையில் எழுதக் கூடாது என்று சொல்லுமிடத்தில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர்களையும், அவர்களுடைய நெருங்கிய உறவினர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, இவர்கள் அத்தனை பேரும் விலக்கப்பட்டவர்கள் என்று அந்தச் சபையார் எழுதி வைத்தார்களே, அதுதான் என்னைத் திகைக்க வைக்கிறது. மைத்துனன் பெயரில் மறுபடி உள்ளே நுழையும் உபாயம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அதற்குப் பரிகாரமும் தெரிந்திருந்தது.

பெருமையை இவ்வளவோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையாகும். அந்தச் சபையில் இடம் பெறுவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வேத ஞானம் வேண்டும்; வயது முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். பெண்களும், அந்த நிலத்தில் ஏர் பிடித்தவர்களும் அதில் எங்கும் இல்லை. ஊர் என்ற பெயரில் ஊரின் ஒரு சிறு பகுதியே பேசிற்று.

இந்தக் குறையை மறக்காமல் நினைவில் வைத்திருந்தவர் டாக்டர் அம்பேத்கர். 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது, கிராம சமுதாயங்களைப் போற்றிப் புகழ்ந்தவர்களுக்கு அவர் மிகக் கடுமையாகவே பதில் சொன்னார். குறுகிய மனோபாவமும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்டிருக்கும் இடமாகவே கிராமத்தை அவர் கண்டார். தனி மனிதனையே அரசியல் சட்டத்தின் அலகாகக் கொண்டதில் அவருக்கு மகிழ்ச்சி இருந்தது. காந்தியடிகளின் கிராம ராஜ்யக் கனவைச் சுமந்துகொண்டு சபைக்கு வந்திருந்த பலருக்கு அந்தப் பேச்சு மனவருத்தத்தை உண்டாக்கிற்று. அதே மாதத்தில், தமிழரான கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின் பயனாக, கிராம ஊராட்சிகளை அமைத்து அவற்றுக்குச் சுயாட்சி அலகுகளாக இயங்கும் அதிகாரம் தர வேண்டும் என்ற வழிகாட்டு நெறி 40-ஆவது பிரிவாக இடம் பெற்றது. வழிகாட்டு நெறிகளை நீதிமன்றத்தில் வற்புறுத்த முடியாதாகையால் அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நல்லெண்ணமாகவே நின்றது. 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ஆம் தேதி அமலுக்கு வந்த பிறகுதான், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஊர்க்காரர் அனைவரும் உறுப்பினராகிய கிராம சபை என்ற ஸ்தாபனம் அரசியல் சட்டத்தில் கால் ஊன்றிற்று. அம்பேத்கர் அஞ்சியது வீணான அச்சமா என்பதற்குச் சீக்கிரமே பதில் கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ்நாட்டு ஊராட்சிகள் சட்டம் 1994-ஆம் ஆண்டில் வந்தது. ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கும் வளர்ச்சித் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, நடந்துவரும் வேலைகளின் முன்னேற்றத்தைப் பரிசீலிப்பது, தணிக்கை அறிக்கையை ஏற்பது ஆகிய அதிகாரங்கள் அச்சட்டத்தின்படி கிராம சபைக்கு உரியவை. சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் நாம் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். கிராம சபைக்கு அனுப்புவதற்கு ஆள் கிடையாது, நாமேதான் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த இந்தச் சபை, 2022 முதல் உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22-லும், உள்ளாட்சி தினமாகிய நவம்பர் 1-லும் சேர்ந்து ஆறு முறை கூட வேண்டும் என்றாயிற்று.

ஏட்டில் இருக்கும் இச்சபை நாட்டில் எப்படி இருக்கிறது என்று அறிய, எந்தக் கிராமத்துக்காவது போய் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தால் போதும். கோவில் முன்னாலோ பள்ளிக்கூடத்து மரத்தடியிலோ விரிப்பு விரித்திருப்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள், வராவிட்டால் வேலை போய்விடுமோ என்ற பயத்தினாலோ என்னவோ, முன்வரிசையை நிரப்பியிருப்பார்கள். ஆண்களிற் பாதிப்பேர் சற்றுத் தள்ளி நின்றபடியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊராட்சிச் செயலர் அச்சடித்து வந்த தீர்மானங்களை மூச்சு விடாமல் வாசித்து முடிப்பார். டெங்கு ஒழிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு என்று மாநிலம் முழுவதற்கும் பொதுவான பொருள்கள் அவை. யாராவது ஒருவர் எழுந்து தெருவிளக்கைப் பற்றிக் கேட்டால், மனுவாகக் கொடுங்கள் என்பார் ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர். பிறகு கையெழுத்து நோட்டு சுற்றுக்கு வரும். இப்படித்தான் எல்லா ஊரிலும் என்று சொல்ல மாட்டேன். கேள்வி மேல் கேள்வி எழுந்து பொழுது சாயும்வரை நீண்ட சபைகளும் உண்டு. ஆனால் அவை விலக்காக இருக்கின்றன.

நம்முடைய அசிரத்தைக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி ஒன்று இருக்கிறது. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் புதிய தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. வழக்குகளும் ஒத்திவைப்புகளுமாகக் காலம் நகர்ந்து, பெரும்பாலான ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. எஞ்சிய மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியிலும். இடைப்பட்ட ஆண்டுகளில் தனி அலுவலர்களே எல்லாம். சட்டசபைத் தேர்தலை மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டிருந்தால் நாடு கொந்தளித்திருக்கும். குடிநீரும் சாக்கடையும் சுடுகாட்டுப் பாதையும் யாருடைய பொறுப்போ, அவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மூன்று ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டபோது, கட்சிக்காரர்களும் சில இயக்கத்தாரும் தவிர மற்றவர்கள் மௌனமாகவே இருந்துவிட்டோம்.

அம்பேத்கரின் அச்சத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். புதிய சட்டத்தின்படி 1996-இல் நடந்த முதல் தேர்தலின்போது, மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களையும் தடைப்பட்ட வாக்குப்பதிவுகளையும் கடந்து தலைவராக வந்த முருகேசனும், அவரோடு சேர்ந்து ஐந்து பேரும், 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில், ஒதுக்கீட்டை ஏற்க மனமில்லாத காரணத்தால், பத்து ஆண்டுகள் முறையான தலைவரே இல்லை. ஒருவரை நிறுத்துவதும், அவர் வென்ற உடனே ராஜினாமாச் செய்ய வைப்பதுமாக நாடகம் நடந்து, 2006-இல்தான் உண்மையான தேர்தல் சாத்தியமாயிற்று. பொதுக் காரியத்தில் பங்கெடுங்கள் என்று எல்லாரையும் பார்த்து ஒரே குரலில் உபதேசிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சிலருக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதின் செலவு. வேறு சிலருக்கு உயிரின் விலை. நாற்காலியில் உட்கார்வதற்கே இந்த விலை கேட்கும் ஊரில், எழுந்து நின்று கணக்குக் கேட்பவனுக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்விக்கு இன்னமும் திருப்தியான பதில் இல்லை. ஆகவே சபை கூடுவது மட்டும் போதாது. அதில் பயமின்றிப் பேச முடிந்தவர்கள் யார் என்பதையும் பார்த்துத்தான் அதை எடை போட வேண்டும்.

அத்தகைய பாதுகாப்பு ஒருமுறை உண்மையிலேயே கிடைத்தபோது என்ன நேர்ந்தது என்பதற்கு ஒடிசாவின் நியமகிரி மலை சாட்சி. அங்கே பாக்சைட் வெட்டியெடுக்கும் திட்டம் ஒன்று வேதாந்தா நிறுவனத்தின் ஆலைக்காக முன்வைக்கப்பட்டது. மலையைத் தெய்வமாக வணங்கும் டோங்கரியா கோந்த் மக்கள் எதிர்த்தார்கள். வன உரிமைச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, அம்மக்களின் வழிபாட்டு உரிமை முதலானவற்றைக் கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், மாவட்ட நீதிபதி ஒருவர் பார்வையாளராக அமர்ந்திருக்க, பன்னிரண்டு சிற்றூர்களில் சபைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றே சொல்லின. அடுத்த ஜனவரியில் மத்திய அரசும் அனுமதியை மறுத்தது. சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்பதில் படித்தவர்களுக்குள் எத்தனையோ அபிப்பிராய பேதங்கள் இருக்கலாம்; மலையில் வாழ்பவர்களைக் கேட்காமல் அந்த வாதத்தை முடித்துவிடக் கூடாது என்பதில் இருக்கக் காரணமில்லை.

இதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது என்பது எப்போதும் கேட்கப்படும் ஆட்சேபம். அது புதிதன்று; ஜனநாயகத்தின் பிறப்பிடம் என்று போற்றப்படும் ஏதென்ஸ் நகரிலேயே ஜனங்கள் சபைக்குப் போகாமல் சந்தைவெளியில் அரட்டையடித்துக்கொண்டிருக்க, சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றைப் பிடித்து அவர்களைச் சபையை நோக்கி ஓட்டியதாகவும், சாயம் வேட்டியில் படாமலிருக்க அவர்கள் ஒதுங்கி ஓடியதாகவும் அரிஸ்டோபனீஸின் நாடகம் ஒன்று கேலி செய்கிறது. (வேட்டி என்று எழுதிவிட்டேன்; அவர்கள் உடையும் அதற்கு வெகு தூரம் போனதன்று.) பிற்பாடு சபைக்கு வந்தவர்களுக்குப் படி கொடுக்கவும் தொடங்கினார்கள். ஆக, ஜனங்கள் தாமாகவே பொதுக் காரியத்தை நாடி ஓடி வருவார்கள் என்று எந்தக் காலத்திலும் எதிர்பார்த்ததில்லை. தங்கள் வாழ்வோடு தொடர்புள்ள ஒன்று அங்கே உண்மையாகத் தீர்மானமாகிறது என்று கண்டால் வருவார்கள்; முன்னரே முடிவானதை வாசித்துக் காட்டக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். நேரமில்லை என்று சொல்லக் காரணமே இல்லாத நம்மைப் போன்றோர் வீட்டில் இருக்க, ஒரு நாள் கூலியை இழந்தால் ஒரு வேளைச் சோற்றை இழக்க வேண்டிய பியாவர் தர்ணாக்காரர்கள் நாற்பது நாள் தெருவில் உட்கார்ந்தார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நிபுணர்கள் அறிந்த விஷயத்தில் பாமரர் தலையிடலாமா என்ற இன்னொரு ஆட்சேபத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பாலத்தின் தூணுக்கு எத்தனை கம்பி என்பதைக் கை தூக்கித் தீர்மானிக்கலாகாது. கூட்டத்தின் ஆவேசம் பல சமயங்களில் தவறான திசையில் போவதும், பெரும்பான்மை சேர்ந்துகொண்டு சிறுபான்மையின் வாயை அடைப்பதும் உலகறிந்த விஷயம். ஆனால் நான் சொல்லிவந்த உதாரணங்களில் மக்கள் நிபுணரின் இடத்தைக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாலம் எங்கே வேண்டும் என்று சொல்வதும், கட்டியதாக எழுதப்பட்ட பாலம் கட்டப்பட்டிருக்கிறதா என்று சொல்வதுமே அவர்கள் கேட்ட உரிமை. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையிலுள்ள கணிதம் முழுவதையும் எஞ்சினீயரே வைத்துக்கொள்ளட்டும். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைகளின் சமூகத் தணிக்கையைக் கிராம சபையிடம் ஒப்படைத்து, 17-ஆம் பிரிவாக இந்த எல்லைக்கோட்டையே எழுத்தில் வைத்தது.

நகரவாசிகளுக்கு இந்த வசதிகூட நெடுங்காலம் கிட்டவில்லை. லட்சம் பேருக்கு மேல் வாழும் மாநகரில் கவுன்சிலரின் வீட்டு வாசலைத் தவிர முறையிட இடமில்லை என்ற நிலை இருந்தது. தமிழ்நாட்டில் 2022-இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் கூட ஆரம்பித்தன. அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதப் பராமரிப்புக் கட்டணம் நூறு ரூபாய் உயர்ந்தால் சங்கக் கூட்டத்தில் இரவு பதினோரு மணி வரை வாதாடுகிற நண்பர்கள் பலரை நான் அறிவேன்; அவர்களில் தம் வார்டின் பகுதி சபை எங்கே, எப்போது கூடிற்று என்று சொல்லக்கூடியவர் அரிது. சங்கக் கணக்கில் காட்டும் அந்த நுட்பமான சந்தேகத்தில் கால்பங்கை மாநகராட்சிக் கணக்கின் மேல் காட்டினால், பல காண்டிராக்டர்களுக்குத் தூக்கம் கெடும்.

கிராம சபைக்கு முதன்முறையாகப் போக நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு சிறு யோசனை மட்டும் சொல்லி வைக்கிறேன். நோட்டு சுற்றுக்கு வரும்போது, மேலே தீர்மானங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வெற்றுப் பக்கமாயிருந்தால், எழுதிய பிறகு கையெழுத்திடுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் சொன்ன தீர்மானம் எந்த எண்ணில் பதிவாயிற்று என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லி, அது என்னவாயிற்று என்று கேளுங்கள். முதல் தடவை செயலர் சற்று எரிச்சலோடு பார்ப்பார். இரண்டாம் தடவை, நீங்கள் வருவதைக் கண்டதுமே நோட்டைத் தயாராக எடுத்து வைத்திருப்பார்.